உபகாரச் சம்பளம்: ஒரு மேதையின் வாழ்வில் ஐந்து தவணைகள்

கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ பயிலும் மாணவனுக்கு அளிக்கப்படும் பணவுதவியை நம் முன்னோர் 'உபகாரச் சம்பளம்' என்று வழங்கினர். இன்று 'உதவித்தொகை' என்கிறோம். பழைய சொல்லில் இருந்த ஒரு நுட்பம் புதிய சொல்லில் இல்லை. உபகாரம் என்பது கைம்மாறு கருதாத கொடை. சம்பளம் என்பது செய்த பணிக்குரிய ஊதியம். ஒன்றற்கொன்று எதிராக நிற்கும் இவ்விரண்டையும் ஒரே தொடரில் பிணைத்தவர், அதன் இயல்பை நன்கு அறிந்தவராகவே இருந்திருக்க வேண்டும். கொடுப்பவர் கொடையாகக் கொடுக்கிறார். ஆனால் கணக்குக் கேட்கிறார். பெறுபவர் நன்றியோடு பெறுகிறார். ஆனால் உழைத்துக் காட்டக் கடமைப்படுகிறார். எவ்வளவு, எதுவரை, எந்த நிபந்தனையின்மேல், எவருடைய ஒப்புதலால் நீடிக்கும் என்னும் நான்கு வினாக்களும் அந்தச் சிறு தொடருக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இந்நான்கு வினாக்களும் ஒரு மனிதரின் வாழ்வை எவ்வாறு வளைத்தன, உடைத்தன, பின்னர் உயர்த்தின என்பதைக் காண விரும்புவோர்க்குக் கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வரலாற்றைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. அவருடைய கணிதத்தைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அந்தக் கணிதத்திற்குச் சோறு போட்ட உத்தரவுகளைப் பற்றி எழுதியவர் சிலரே. நாம் இக்கட்டுரையில் அவ்வுத்தரவுகளையே வரிசையாக எடுத்துப் பார்க்கப் போகிறோம்.

பறிபோன முதல் தவணை

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். தந்தையார் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதும் குமாஸ்தா. மாதம் ஏறத்தாழ 20 ரூபாய் ஊதியம். நகர உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்த மகன், 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எப். ஏ. வகுப்பில் சேர்ந்தார். அங்கே அவருக்குச் சுப்பிரமணியம் உபகாரச் சம்பளம் என்னும் உதவி கிடைத்தது. ஒரு பருவத்திற்கு 32 ரூபாய் கட்டணம் வாங்கிய கல்லூரியில், அந்த உதவி இல்லாமல் அக்குடும்பத்துப் பிள்ளை படித்திருக்க இயலாது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். அந்த உதவி எதற்காக வழங்கப்பட்டது? ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேர்ச்சி மிக்க மாணவருக்கென்று அது பொதுவாக வழங்கப்பட்டு வந்தது. இரண்டு பாடங்களின்மேல் நிற்கும் கட்டில் போன்றது அது. இராமானுஜனோ அதற்குள் கார் என்பவர் தொகுத்த கணிதத் தேற்றங்களின் நூலுக்குள் முழுகிவிட்டார். மற்றப் பாடங்கள் எல்லாம் அவர் கண்ணுக்கு மறைந்தன. ஆண்டு முடிவில் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார்; மேல்வகுப்புக்கு ஏற்றம் கிடைக்கவில்லை; உபகாரச் சம்பளமும் நின்றது. கட்டிலின் ஒரு கால் முறிந்தது. மற்றக் கால் எத்துணை வலியதாயினும் கட்டில் நிற்கவில்லை.

தாயார் கோமளத்தம்மாள் நேரே கல்லூரி முதல்வரிடம் சென்று வாதாடினார் என்பர். கணிதத்தில் இவனுக்கு நிகரானவன் இக்கல்லூரியில் உண்டா என்பது அந்த அம்மையாரின் கேள்வி. முதல்வர் மரியாதை குறையாமல் விடையிறுத்தார். ஆனால் விதி விதிதான் என்று கூறிவிட்டார். தாயின் வாதத்தில் உண்மை இருந்தது. முதல்வரின் விடையிலும் குற்றமில்லை. கொடை ஒரு நிபந்தனையோடு வந்தது, அந்நிபந்தனை நிறைவேறவில்லை. ஆண்டு முழுவதும் எவரேனும் அந்தப் பதினாறு வயதுப் பையனை அழைத்து, 'தம்பி, உன் கட்டணம் எதன்மேல் நிற்கிறது என்பதை நீ அறிவாயா?' என்று கேட்டிருந்தால் நிலைமை வேறாகியிருக்கலாம். கேட்டவர் இருந்ததாக நமக்குச் செய்தி இல்லை.

1905-ஆம் ஆண்டில் அவர் ஒருவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் ஓடினார். அடுத்த ஆண்டு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1906-இலும் 1907-இலும் எப். ஏ. தேர்வில் தோல்வி. கணிதத்தில் மேம்பட்ட மதிப்பெண்; பிற பாடங்களில் வீழ்ச்சி. பட்டம் என்னும் வாசல் அவருக்கு என்றென்றைக்குமாக அடைபட்டதுபோல் தோன்றியது. முதல் தவணை பறிபோனதன் விளைவு, எட்டு ஆண்டுகள் நீடித்தது.

நிபந்தனையற்ற கொடை

1910-ஆம் ஆண்டின் இறுதியில், நெல்லூர்க் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் என்னும் கணித ஆர்வலரிடம் இராமானுஜன் கொண்டு சேர்க்கப்பட்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசுவாமி ஐயர் போன்றோரின் பரிந்துரை அவருக்குத் துணை நின்றது. என்ன வேண்டும் என்று கலெக்டர் கேட்டபோது, கவலையின்றி ஆராய்ச்சி செய்ய ஓய்வு வேண்டும், அதற்கு உயிர் வாழும் அளவு உணவு வேண்டும் என்பதே விடையாக இருந்தது. இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தம் பொறுப்பில் அனுப்பலானார். தேர்வு இல்லை; அறிக்கை இல்லை; தவணை இல்லை. இதுதான் கலப்பற்ற உபகாரம்.

ஆயினும் அது நீடிக்கவில்லை. கொடுத்தவர் நிறுத்தியதால் அன்று; பெற்றவருக்கே அது பொறுக்கவில்லை. பல்கலைக்கழக உதவி ஒன்றைப் பெறச் செய்த முயற்சிகள் பயனளிக்காத நிலையில், ஒரு தனி மனிதரின் தயவில் நெடுநாள் இருக்க மனம் ஒப்பாது, 1912 மார்ச்சு 1-ஆம் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார்.

நிபந்தனை என்றாலே நம்முள் பலருக்குக் கசப்பு. கேள்வி கேளாமல் கொடுப்பதே உயர்ந்த கொடை என்று எண்ணுகிறோம். பெறுபவனின் உள்ளத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நிபந்தனையற்ற கொடை அவனைக் கடன்பட்டவனாகவே வைத்திருக்கிறது. அதை அடைக்க வழியில்லை. நிபந்தனையோடு வரும் கொடையோ, 'நீ இதைச் செய். அத்தோடு உன் கடன் தீர்ந்தது' என்று அவனுக்கு நிமிர்ந்து நிற்க ஓர் இடம் தருகிறது. இராமானுஜன் வெறுத்தது உதவியை அன்று. கணக்குத் தீராத உதவியையே.

விதியை மீறாமல் விதியைத் திறந்தவர்கள்

1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜில் இருந்த ஜி. எச். ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதம் உலகறிந்தது. அடுத்து பிப்ரவரி 27-இல் எழுதிய இரண்டாம் கடிதத்தைப் பலர் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. நமக்கு அதுவே முக்கியம். தாம் அரைப்பட்டினியில் இருப்பதையும், அறிவு வேலை செய்ய வயிற்றுக்கு உணவு வேண்டியிருப்பதையும் அதில் ஒளிக்காமல் எழுதுகிறார். ஹார்டியிடமிருந்து பரிவான கடிதம் ஒன்று வருமானால், பல்கலைக்கழகத்திலோ அரசாங்கத்திலோ ஓர் உதவித்தொகை பெறத் தமக்கு அது துணையாகும் என்றும் கூறுகிறார். பணம் அனுப்புங்கள் என்று அவர் கேட்கவில்லை. தம் தகுதிக்குச் சாட்சி கூறுங்கள் என்று கேட்டார்.

அதே நாட்களில் வேறொரு சாட்சியும் வந்து சேர்ந்தது. இந்திய வானிலை ஆய்வுத்துறையின் தலைவரும், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் முன்பு பெல்லோவாக இருந்த கணித வல்லுநருமான கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், இராமானுஜனின் குறிப்பேடுகளை அவர் பார்வைக்கு வைத்தார். பிப்ரவரி 26-ஆம் நாள் வாக்கர், பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்குக் கடிதம் எழுதினார். சில ஆண்டுகளுக்கேனும் பிழைப்புக் கவலையின்றி இம்மனிதர் கணிதத்திலேயே காலத்தைச் செலவிடப் பல்கலைக்கழகம் வழி செய்வது முறையானதே என்பது அதன் சாரம்.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்று இருந்தது. ஆனால் அது முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கு உரியது. இராமானுஜனோ எப். ஏ. கூடத் தேறாதவர். கும்பகோணத்தில் தாயார் முட்டிக்கொண்ட அதே சுவர் மறுபடியும் எதிரே நின்றது.

மார்ச்சு மாதத்தில் கணிதப் பாடக்குழு கூடி, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவி வழங்கலாம் என்று பரிந்துரைத்தது. ஏப்ரலில் அது சிண்டிகேட்டின் முன் வந்தபோது, விதி இடந்தராது என்று சிலர் தடை கூறினர். அப்போது உயர்நீதிமன்ற நீதிபதியான பி. ஆர். சுந்தரம் ஐயர் ஒரு கேள்வி எழுப்பினார் என்று இராமானுஜனின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பல்கலைக்கழகத்திற்கான சட்டத்தின் முகவுரை, ஆராய்ச்சியை வளர்ப்பதும் இந்நிறுவனத்தின் பணிகளுள் ஒன்று என்று கூறுகிறது அல்லவா? இவரிடம் ஆராய்ச்சித் திறன் உண்டென்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது அல்லவா? ஆயின் தடை எங்கே இருக்கிறது?

நீதிபதி விதியை உடைக்கவில்லை. விதி எதற்காகப் பிறந்ததோ அந்த நோக்கத்தை எடுத்து விதியின் அருகே வைத்தார். பட்டம் என்பது திறனுக்கு ஓர் அடையாளம். அடையாளம் இல்லாத இடத்தில் பொருளே நேரில் வந்து நிற்கும்போது, அடையாளத்தைக் கேட்டு அதைத் திருப்பி அனுப்புவது பேதைமை. 1905-இல் முதல்வர் சட்டத்தின் சொல்லைப் படித்தார். 1913-இல் நீதிபதி சட்டத்தின் முகவுரையையும் சேர்த்துப் படித்தார். ஓர் உயிரின் போக்கு அந்த ஒரு பக்கத்தைப் புரட்டியதில் மாறிப்போயிற்று. ஆனால் முதல்வரின் முன் இருந்தது ஒரு தாயின் சொல் மட்டுமே; நீதிபதியின் முன்னோ வாக்கரின் சாட்சியும் பாடக்குழுவின் பரிந்துரையும் இருந்தன என்பதையும் நாம் மறத்தலாகாது.

மூன்று மாதத்திற்கு ஓர் அறிக்கை

1913 மே 1-ஆம் நாள் முதல் இராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவரானார். 30 ரூபாய் 75 ஆயிற்று; இரண்டரை மடங்கு. துறைமுக அலுவலகம் விடுப்புத் தந்து அவரை அனுப்பியது. வேலையை விட்டெறியாமல் விடுப்பில் சென்றது ஒரு முன்யோசனை. தவணை இரண்டாண்டு, அது முடிந்தால் திரும்பிச் செல்ல ஒரு நாற்காலி இருக்க வேண்டும் அல்லவா?

உத்தரவின் நிபந்தனை எளியது: மூன்று மாதத்திற்கு ஒருமுறை தம் ஆராய்ச்சியைப் பற்றிப் பாடக்குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். தேர்வு இல்லை, ஆங்கிலக் கட்டுரைத் தாள் இல்லை. 1913 ஆகஸ்டு 5, நவம்பர் 7, 1914 மார்ச்சு 9 ஆகிய நாட்களில் அவர் மூன்று அறிக்கைகள் அளித்தார்.

அறிக்கை என்றதும் நம் கண்முன் தோன்றுவது கடனுக்கு எழுதப்படும் காகிதம். இராமானுஜனின் அறிக்கைகள் அத்தகையன அல்ல. வரையறுத்த தொகையீடுகளைக் கணக்கிடுவதற்கு அவர் கண்ட ஒரு பொதுமுறை அவற்றுள் விரித்துரைக்கப்பட்டது. இன்று கணித உலகம் அதை 'இராமானுஜனின் தலைமைத் தேற்றம்' என்று போற்றுகிறது. ஹார்டி பிற்காலத்தில் அதைத் தம் நூலில் ஆராய்ந்தார். அதன்பின் புரூஸ் பெர்ண்ட் என்னும் அமெரிக்க அறிஞர் அவ்வறிக்கைகள் மூன்றையும் வரிவரியாக விளக்கி வெளியிட்டார். குறிப்பேட்டில் விடையை மட்டும் எழுதிவிட்டு வழியை எழுதாமல் விடுவது இராமானுஜனின் வழக்கம். பிறர்க்கு விளக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தபோது, சென்ற வழியையும் சற்றே விரித்து எழுத நேர்ந்தது. உபகாரச் சம்பளத்தில் உள்ள 'சம்பளம்' என்னும் பாதி அவருக்குச் சுமையாகவில்லை, நமக்குச் செல்வமாயிற்று.

இரண்டாண்டுத் தவணை முடியும்வரை அந்த உதவி நடக்கவில்லை. அதைவிடப் பெரிய வேறோர் உத்தரவு வந்து அதன் இடத்தைப் பிடித்தது.

கடல் கடந்த தவணை

கேம்பிரிட்ஜுக்கு வருமாறு ஹார்டி முதலில் அழைத்தபோது இராமானுஜன் இசையவில்லை. கடல் கடப்பதற்குக் குலவழக்கம் தடை. தாயாரின் மனமும் தடை. 1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹார்டியின் நண்பர் ஈ. எச். நெவில் சொற்பொழிவாற்றச் சென்னைக்கு வந்தார். அப்போது அத்தடைகள் நீங்கியிருந்தன. எஞ்சியது பணம்.

ஜனவரி 28-ஆம் நாள் நெவில் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஒரு சிறு தொகையைச் செலவிட்டு, கணித வரலாற்றில் சென்னையின் பெயரைப் பொறிக்கும் வாய்ப்பு இது என்று எடுத்துரைத்தார். மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் லிட்டில்ஹெய்ல்ஸ் திட்டத்தை வகுத்தார். இவ்வளவு பெரிய செலவுக்கு அரசாங்கத்தின் இசைவும் வேண்டும். ஸ்பிரிங் கவர்னர் பென்ட்லண்டு பிரபுவின் அலுவலகத்துக்கு எழுதினார். ஒருசில வாரங்களுக்குள் எல்லாம் முடிந்தது. ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவி; பயணச் செலவும் உடை முதலியவற்றுக்கான தொகையும் தனி.

இத்தொகையை நாம் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். அன்றைய மாற்று வீதத்தில் ஒரு பவுன் 15 ரூபாய். எனவே 250 பவுன் என்பது 3,750 ரூபாய். துறைமுகத்தில் ஆண்டு முழுவதும் உழைத்து அவர் பெற்றது 360 ரூபாய். பத்து மடங்குக்கும் மேற்பட்ட உயர்வு. ஆயினும் இராமானுஜன் அதை முழுமையாகத் தம் செலவுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. புறப்படும் முன்பே, மாதம் 60 ரூபாய் கும்பகோணத்தில் உள்ள குடும்பத்துக்குச் சேருமாறு ஏற்பாடு செய்தார். ஆண்டுக்கு 720 ரூபாய், அஃதாவது ஏறத்தாழ 50 பவுன். ஐந்தில் ஒரு பங்கு வீட்டுக்கு. நான்கு பங்கு தமக்கு. டிரினிட்டி கல்லூரி தன் பங்காக ஆண்டுக்கு 60 பவுன் அளித்தது. குடும்பத்துக்குச் சென்றது அவ்வழியே ஈடாயிற்று. அவருடைய எளிய வாழ்க்கைக்கு அது போதிய வருவாய் என்றும், அதில் அவர் மிச்சமும் பிடித்தார் என்றும் ஹார்டி பின்னாளில் எழுதினார்.

1914 மார்ச்சு 17-ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பலில் இராமானுஜன் சென்னையை விட்டார். ஏப்ரல் முதல் நாளிலிருந்து அவருடைய தவணை தொடங்கியது. நான்கு மாதம் கழிவதற்குள் முதல் உலகப்போர் மூண்டது.

புதுப்பித்தல் என்னும் நம்பிக்கை

இரண்டாண்டு என்பது 1916 மார்ச்சில் முடிய வேண்டும். தவணை முடிந்த பின்னர் விழித்தெழுந்து மனுச் செய்வது நம் நாட்டில் வாடிக்கை. கேம்பிரிட்ஜில் அவ்வாறு நடக்கவில்லை. 1915-ஆம் ஆண்டு முடிவதற்கு முன்பே, டிரினிட்டியில் இராமானுஜனுக்குப் பொறுப்பாசிரியராக இருந்த ஈ. டபிள்யூ. பார்ன்ஸ் சென்னைக்கு எழுதினார். இவர் முன்னேற்றம் மிகச் சிறந்தது, எதிர்பார்ப்பை மெய்ப்பித்துவிட்டார், கல்லூரியின் பெல்லோவாக இவர் தேர்ந்தெடுக்கப்படும் காலம்வரை உதவியை நீட்டிப்பது நலம் என்பது அவர் கருத்து. அத்தேர்தல் 1917-இல் நிகழும் என்று எதிர்பார்த்தனர்.

1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆராய்ச்சியின் பேரில் அவருக்கு பி. ஏ. பட்டம் வழங்கியது. கும்பகோணத்திலும் சென்னையிலும் எட்டாமல் போன பட்டம், மிகு பகு எண்களைப் பற்றிய ஆய்வினால் கைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் ஹார்டி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு விரிவான அறிக்கை ஒன்றை அனுப்பினார். அது அடுத்த ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அச்சேறியது. இந்தியாவில் மாணவர் தாமே எழுதிய மூன்று அறிக்கைகள். இங்கிலாந்தில் ஆசிரியர் எழுதிய அறிக்கை. கணக்கு ஒழுங்காகச் சென்றது. சென்னையும் தவணையை நீட்டியது.

இதுவரை கதை இனிது. 1917-ஆம் ஆண்டில் எல்லாம் மாறியது. இராமானுஜன் கடும் நோயில் வீழ்ந்தார். மருத்துவ விடுதி மாற்றி மருத்துவ விடுதியாகக் காலம் கழிந்தது. போர்க்கால உணவுத் தட்டுப்பாடும், மரக்கறி உணவன்றிப் பிறிது தொடாத நோன்பும், குளிரும், தனிமையும் உடலை வாட்டின. ஆராய்ச்சி குறைந்தது. எதிர்பார்த்த பெல்லோ பதவியும் அவ்வாண்டு கிடைக்கவில்லை. உதவியை நீட்டிக்கக் காட்டிய காரணமே பொய்த்தது எனலாம்.

கண்டிப்பான கணக்கர் ஒருவர் இருந்திருந்தால், 'எதிர்பார்த்தது நடக்கவில்லை, ஆளும் நோயாளி, தவணை முடிந்தது' என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். விதியும் அவர் பக்கமே நின்றிருக்கும். சென்னைப் பல்கலைக்கழகம் மூடவில்லை. 1919 மார்ச்சு முடிய அவருடைய உதவி தொடர்ந்தது. நாம் இதைத்தான் புதுப்பித்தல் என்பதன் உண்மைப் பொருளாகக் கருதுகிறோம். முதன்முறை கொடுப்பது மாணவனின் திறமைக்குத் தரும் மதிப்பு. நன்றாக ஓடும் காலத்தில் நீட்டிப்பது வெறும் வழக்கம். ஓட்டம் தளர்ந்த காலத்தில், பழைய உழைப்பை நினைந்து நீட்டிப்பதே நம்பிக்கை.

அந்நம்பிக்கை வீண்போகவில்லை. 1918-இல் அவர் இராயல் சொசைட்டியின் பெல்லோவானார். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியும் அவரைத் தன் பெல்லோவாகத் தேர்ந்தது. ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஆறு ஆண்டுகளுக்கு, எந்தக் கடமையும் இன்றி. செய்தி கேட்ட சென்னைப் பல்கலைக்கழகம் தானும் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு, 1919 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, புதியதோர் உதவியை அறிவித்தது.

ஒரு பதில் கடிதம்

உதவித்தொகை உத்தரவு கையில் கிடைத்தவர் எழுதும் பதில்களை நாம் அறிவோம். நன்றி என்று இரண்டு வரி. போதாது என்று பத்து வரி. 1919 ஜனவரி 11-ஆம் நாள் லண்டனின் பட்னி பகுதியில் இருந்த நோயாளி விடுதியிலிருந்து இராமானுஜன் பதிவாளர் டியூஸ்பரிக்கு எழுதிய பதில் வேறு வகையானது.

பல்கலைக்கழகத்தின் தாராளமான உதவியை நன்றியோடு ஏற்பதாக முதலில் கூறுகிறார். பின்னர், இந்தியா திரும்பிய பிறகு தமக்கு உரியதாகும் மொத்தத் தொகை தம் தேவையைவிட மிகுதி என்று தோன்றுவதாக எழுதுகிறார். இங்கிலாந்துச் செலவுகள் தீர்ந்தபின் பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் சேர வேண்டும். தம் இன்றியமையாச் செலவு போக எஞ்சியது கல்விப் பணிக்குச் செல்ல வேண்டும். சிறப்பாக, ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகங்கள் வாங்கவும் அது பயன்பட வேண்டும் என்று வேண்டுகிறார். இறுதியில், உடல்நலம் இன்மையால் கடந்த இரண்டு ஆண்டுகளாக முன்போல் கணிதம் செய்ய இயலாமைக்கு வருந்தி, தமக்குக் கிடைத்த உதவிக்குத் தகுதியுடையவராக இனி இயன்றதெல்லாம் செய்வதாக உறுதி கூறுகிறார்.

பள்ளிக் கட்டணம்! எத்தனையோ அறங்கள் இருக்க, அவர் மனம் எங்கே சென்றது பாருங்கள். கட்டணம் கட்ட வழியின்றி ஊரைவிட்டு ஓடிய கும்பகோணத்துப் பையன், பதினான்கு ஆண்டுகள் கழித்தும் அந்த நோயாளியின் உள்ளத்தில் நின்றுகொண்டிருந்தான். அன்று எவரும் சொல்லாமல் விட்ட நிபந்தனையின் வலியை, பிற பிள்ளைகள் படக்கூடாது என்பதே அவருடைய ஒரே நிபந்தனையாக இருந்தது.

1919 ஏப்ரலில் அவர் சென்னை வந்து சேர்ந்தார். புதிய தவணை ஐந்தாண்டு. அவர் வாழ்ந்தது ஓராண்டுக்குச் சற்று மேல். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், 32 வயதில், அவர் மறைந்தார். அந்த ஓராண்டில் மூன்று மாத அறிக்கை எதையும் அவரிடம் எவரும் கேட்கவில்லை. ஆனால் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதம் 'போலித் தீட்டாச் சார்புகள்' என்னும் புதிய துறையை அறிவித்தது. படுக்கையில் இருந்தபடி நிரப்பிய தாள்களைப் பல்கலைக்கழகம் 1923-இல் ஹார்டிக்கு அனுப்பிவைத்தது. நெடுங்காலம் மறைந்து கிடந்த அத்தாள்கள், நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள், 1976-இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்பவரால் கண்டெடுக்கப்பட்டன. கேளாமலே செலுத்தப்பட்ட கடைசிக் கணக்கு அது.

நாம் கற்பது

இன்று பல்கலைக்கழகத்திலிருந்து நம் பிள்ளைகளுக்கு உதவித்தொகைக் கடிதம் வரும்போது வீட்டில் முதலில் படிக்கப்படுவது தொகை. அத்தொகைக்குக் கீழே உள்ள வரிகளையும் படிக்கச் சொல்வோம். எந்த நாள் தொடங்கி எந்த நாள் முடிகிறது? எந்தப் பாடத்தின், எந்த மதிப்பெண்ணின்மேல் நிற்கிறது? எவருக்கு, எப்போது அறிக்கை தர வேண்டும்? புதுப்பிக்கும் அதிகாரம் எவருடையது? தவணை முடிவதற்கு எவ்வளவு முன்னர் எழுத வேண்டும்? தேர்வில் தவறினாலோ நோயில் விழுந்தாலோ என்ன ஆகும்? வீட்டாருக்கும் அதிலிருந்து பங்கு அனுப்ப வேண்டியிருந்தால், எஞ்சியது போதுமா? இவற்றைக் கேட்பது நன்றி கெட்ட செயலன்று. கொடுத்தவரின் பொருளை மதிப்பவனே அதன் கணக்கைக் கேட்டறிகிறான்.

கொடுக்கும் இடத்தில் அமர்ந்திருப்போர்க்கும் ஒரு சொல் உண்டு. விதியைப் படியுங்கள், முகவுரையையும் சேர்த்துப் படியுங்கள். பையன் தவறிய பின்னர் உத்தரவை நிறுத்துவது எளிது. தவறுமுன் அழைத்து எச்சரிப்பதே பொறுப்பு.

'உபகாரச் சம்பளம்' என்னும் அந்தப் பழஞ்சொல்லுக்கு நம் அகராதிகளில் மற்றொரு பொருளும் உண்டு. முதிர்ந்தோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் அளிக்கும் ஓய்வூதியத்தையும் அது குறிக்கும். இராமானுஜன் மறைந்தபின் அவர்தம் இளம் துணைவியார் ஜானகி அம்மாளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் அளித்து வந்தது. கும்பகோணத்துத் துணிக்கடையில் அவர் மாமனார் வாங்கிய அதே 20 ரூபாய். சொல் ஒன்றே, தொகையும் ஒன்றே. இடையில் ஓடி மறைந்ததோ, நிபந்தனைகளுக்குள் அடங்காத ஒரு பேரறிவு.